பயறும் முட்டையும் திரும்ப வேண்டும்: தடகளப் பயிற்சி முகாம் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

காலைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பயறு, முட்டை, பழம் மூன்றையும் நிறுத்திவிட்டு, ஸ்பான்சர் தரும் மூலிகை எனர்ஜி பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதென்று சென்ற மாதக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பயிற்சியாளர்கள் யாரையும் அழைக்கவில்லை. பெற்றோரையும் அழைக்கவில்லை. மைதானத்துக் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. நோட்டீஸும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் தமிழ் மீடியம் என்பதும், அவர்களுடைய அம்மா அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

செயலாளரை நேரில் பார்த்து, இது சரியில்லை என்று சொன்னேன். “ஆலோசிக்கலாம் டீச்சர்” என்றார். அந்த வாரமே இரண்டாவது லோடு வந்து இறங்கியது. அதனால்தான் ஊரார் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த முகாமில் 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடும் பெண்பிள்ளைகள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன சாப்பிட்டுவிட்டு ஓட வருகிறார்கள், ஓடி முடித்ததும் என்ன ஆகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறவள் என்ற முறையில் பேசுகிறேன்.

காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். வேலந்தாவளத்துக்கு அந்தப்பக்கமிருந்து சைக்கிளில் வருபவர்கள் அதற்கும் முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். பாதிப்பேர் வயிற்றில் ஒரு கிளாஸ் கட்டன்சாயா (பால் ஊற்றாத டீ) தவிர வேறொன்றும் இருக்காது. அம்மா தோட்டத்து வேலைக்கோ, தொழிலுறப்பு என்னும் அரசு வேலையுறுதித் திட்ட வேலைக்கோ போகிறவள். ஐந்து மணிக்குள் அடுப்பு மூட்டி இட்லி ஊற்ற அவளால் ஆகாது. ஏழேகால் வரைக்கும் ஓட்டம், குதிப்பு, படிக்கட்டு ஏறி இறங்குவது என்று பயிற்சி. எட்டுமணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியில் கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால் கேரளத்துப் பள்ளிகளில் அதுவும் இல்லை. நம்மிடம் ஓடுகிறவர்களில் பாதிக்கு மேல் ஒன்பது, பத்து, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள். நேற்று ராத்திரிச் சோற்றுக்கும் இன்று சாயங்காலச் சோற்றுக்கும் நடுவில் இவர்கள் வயிற்றில் நிச்சயமாக விழுந்த உணவு, காலை ஏழேகாலுக்கு நம் மைதானத்து வேப்பமரத்தடியில் கொடுத்ததுதான். அதைத்தான் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள்.

கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே பத்தாம் வகுப்புவரை சத்துணவு உண்டு, பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை உண்டு. நம் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு முட்டை, இரண்டு நாள் பால். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கேரளத்துப் பள்ளிகளின் நல்லதுகள் வேறு பல. ஆனால் ஓடுகிற பிள்ளையைப் பொறுத்தவரை அந்த இடைவெளியை நம் முகாம்தான் நிரப்பிக்கொண்டிருந்தது.

என்ன கொடுத்தோம் என்பதைக் குழுவில் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பஸ்ரீ மகளிர் சுயஉதவிக் குழு அக்காமார் இரண்டுபேர் முந்தின ராத்திரியே பாசிப்பயறை ஊறப்போட்டு வைப்பார்கள், ஆளுக்கு நாற்பது கிராம் கணக்கு. விடியற்காலையில் வேகவைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு, பெரிய அலுமினியப் போசியில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டை, ஒரு பழம். சில நாள் பயறுக்குப் பதில் கொள்ளு அல்லது கொண்டைக்கடலை. இன்னொரு போசியில் உப்புப் போட்டு மோர் விளாவிய கஞ்சித்தண்ணி. பிள்ளைகள் கையில் ஸ்பைக்ஸைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு தட்டோடு வரிசையில் நிற்பார்கள். முட்டை பிடிக்காத ஒருத்தி உண்டு. அவள் பங்கு முட்டை யாருக்கு என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

இந்தத் தட்டில் என்ன இருந்தது என்று கணக்குப் பார்ப்போம். ஓடும்போது தசை எரிப்பது அதற்குள் சேமித்திருக்கும் மாவுச்சத்தை. கிளைக்கோஜன் என்று அதற்குப் பெயர். ஓடி முடித்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் தசை அதை வேகமாகத் திரும்ப நிரப்பிக்கொள்ளும். அப்போது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவுக்கு மாவுச்சத்தும், கிலோவுக்கு 0.25 முதல் 0.3 கிராம் வரை புரதமும் உள்ளே போனால், தேய்ந்த தசை பழுதுபார்க்கப்படும், மறுநாள் கால் கனக்காது. விளையாட்டு உணவியல் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய நாற்பது கிராம் மாவுச்சத்து, பத்துப் பன்னிரண்டு கிராம் புரதம். நாற்பது கிராம் பயற்றில் ஒன்பது கிராம், முட்டையில் ஆறு கிராம் என்று பதினைந்து கிராம் புரதம் வந்துவிடும். பயற்றிலும் பழத்திலுமாக மாவுச்சத்தும் சரியாக வந்துவிடும். ஒரு நாளுக்கு என்று பார்த்தால் பயிற்சி எடுக்கும் ஒருவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும், அதாவது இந்தப் பிள்ளைக்கு 48 கிராமாவது வேண்டும். சோறும் குழம்பும் ராத்திரி ரசமுமாகச் சாப்பிடுகிற வீட்டில் அது கிடைப்பது கஷ்டம். அந்தத் தட்டை எடுத்துவிட்டால் கணக்கு எங்கே இடிக்கும் என்று நீங்களே பாருங்கள்.

இப்போது கொடுக்கும் டப்பாவுக்கு வருகிறேன். ஸ்டோர்ரூமிலிருந்து ஒன்றை வாங்கி, வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். முன்பக்கம் பச்சை இலைகள், ஓடுகிற ஒரு ஆண் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது உணவு லேபிளுக்கான விதி. முதலில் இருப்பது சர்க்கரை. இரண்டாவது மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அதுவும் வேகமாகச் சர்க்கரையாக மாறுகிற மாவுதான். மூன்றாவது கொக்கோ. அப்புறம் ‘மூலிகைக் கலவை’ என்று மொத்தமாக ஒரு வரி. அதற்குள் அமுக்கரா (அஸ்வகந்தா), ஜின்செங், சீந்தில், பூனைக்காலி. எது எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் இல்லை. ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூன், இருபது கிராம். அதில் புரதம் 1.8 கிராம். பழைய தட்டில் கிடைத்த புரதம் வேண்டுமென்றால் பிள்ளை எட்டு டம்ளருக்கு மேல் குடிக்கவேண்டும். நான் கையில் எடுத்த டப்பாவின் அடியில் பேட்ச் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் மை கலங்கி, ஒரு எண்கூடத் தெரியவில்லை. தமிழில் ஒரு வரி கிடையாது. அந்த டம்ளரைக் குடித்துவிட்டு எட்டுமணி பஸ் ஏறும் பிள்ளைக்குப் பதினோரு மணிக்கு வகுப்பில் கண் இருட்டுகிறது. போன வாரம் ஒரு பெண் 600 மீட்டர் குறி தாண்டியதும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பயறு நின்றபின் இப்படி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா என்ற பொருள் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்து அது. அமுக்கராவைப் பற்றிச் சில ஆய்வுகள் வலிமைக்கும் மூச்சுத்திறனுக்கும் கொஞ்சம் நல்லது என்று சொல்கின்றன, உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் வளர்ந்தவர்களிடம், அளவு தெரிந்து கொடுத்துப் பார்த்தவை. வயதுக்கு வந்து ஓரிரு வருஷமே ஆன பெண்ணுக்கு, அளவு தெரியாமல், தினமும், ஒரு வைத்தியரும் பார்க்காமல் கொடுப்பதற்கு அவை எப்படி ஆதாரமாகும்? சித்த வைத்தியரோ ஆயுர்வேத வைத்தியரோ நாடி பார்க்காமல், வயது கேட்காமல் ஒரு சூரணத்தைக் கையில் கொடுக்கமாட்டார்.

இன்னொரு ஆபத்தைக் குழுவில் யாருமே யோசித்ததாகத் தெரியவில்லை. ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். ஊக்கமருந்துச் சோதனைக்கு அந்த வாக்கியம் செல்லாது. உடம்பில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் அது எப்படி வந்தாலும் பொறுப்பு ஓடியவருடையது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதி அது. நம் நாட்டில் 2022-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. ஹிஜெனமைன் என்ற பொருளை 2017-ல் தடைப்பட்டியலில் பெயர்சொல்லிச் சேர்த்தார்கள். அது செடிகொடிகளில் இயற்கையாகவே இருப்பது. நம் சீந்திலுக்கு நெருங்கிய உறவான டினோஸ்போரா கிரிஸ்பா என்ற கொடியில் அது உண்டு. டப்பாவில் ‘சீந்தில்’ என்று போட்டிருப்பது எந்தக் கொடி என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்டுகளைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டது. 94-ல், அதாவது ஏழில் ஒன்றில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடவேண்டாம். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும், அதே வருஷம் குவாங்சூ ஆசியப் போட்டியிலும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் நம் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். பாலக்காட்டில் அந்த ராத்திரி பட்டாசு வெடித்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. மறுவருஷமே, அந்த அணியில் ஓடியவர்கள் உட்பட ஆறு பெண்கள் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். கேரளத்துப் பெண்களும் அதில் இருந்தார்கள். பயிற்சியாளர் வாங்கிக்கொடுத்த ஜின்செங் மூலமாக வந்திருக்கவேண்டும் என்று சொன்னார்கள். நம் நாட்டு விசாரணைக்குழு ஓராண்டுத் தடை விதித்தது. சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012-ல் அதை இரண்டாண்டாக்கியது. லண்டன் ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. நம் டப்பாவிலும் ஜின்செங் இருக்கிறது.

நம்மிடம் அடுத்த வருஷம் தேசியப் பள்ளிப் போட்டிக்கும், மத்திய அரசு நடத்தும் கேலோ இந்தியா போட்டிக்கும் போகக்கூடியவர்கள் இரண்டு மூன்றுபேர் இருக்கிறார்கள். அங்கே சிறுநீர் மாதிரி கேட்கலாம். சின்ன வயது என்று தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் மெடல் போய்விடும், ஊரில் தலைநிமிர்ந்து நடக்கமுடியாது. அன்றைக்கு ஸ்பான்சரும் வரமாட்டார், குழுவும் வராது. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும்தான் நிற்பார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி விவரமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்பதால் இது உங்கள் மேசைக்கு வந்திருக்காது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 36.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். எல்லைப்புறத்தில் இருக்கும் நம் வீடுகளின் சாப்பாடு எந்தப் பக்கத்துச் சாப்பாட்டைப் போன்றது என்று உங்களுக்கே தெரியும். போன வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 800 மீட்டரில் நல்ல நேரம் வைத்திருந்தவள், கடைசி 200 மீட்டரில் தள்ளாடித் தள்ளாடி ஓட ஆரம்பித்தாள். “சோம்பல் பிடித்துவிட்டது, இன்னும் நாலு ரவுண்ட் கொடுங்கள்” என்று மைதானத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. அவள் அம்மாவை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரச்சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். ஹீமோகுளோபின் 9.1. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போகக்கூடாது. நுரையீரல் இழுக்கும் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சுமந்து தசைக்குக் கொண்டுபோவதே ஹீமோகுளோபின். அது குறைந்த பெண் எவ்வளவு மனதோடு ஓடினாலும் கடைசி 200 மீட்டரில் கால் வராது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பயறு, முட்டையோடு வாரம் இரண்டுமுறை முருங்கைக்கீரை, எள்ளும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த உருண்டை, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் என்று நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம். நெல்லிக்காயிலிருக்கும் வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேரவிடும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் அதே இரும்பு சரியாகச் சேராது. அந்தப் பழக்கத்தை விடவைக்கத்தான் அதிகப் பாடுபட்டோம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது 11.8. ஜில்லா மீட்டில் ஓடினாள். அன்றைக்கு யாராவது அவளுக்கு இரண்டு ஸ்பூன் பவுடரைக் கலக்கிக் கொடுத்திருந்தால் சர்க்கரையின் வேகத்தில் பத்து நாள் ஓடியிருப்பாள், ரத்தம் எங்கே போனது என்று யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

இன்னொரு பெண்ணுக்கு மாதவிடாய் பல மாதமாக நின்றுபோயிருந்தது. “ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், மீட் நேரத்தில் தொந்தரவில்லையே” என்று பொறுப்பிலுள்ள ஒருவர் என்னிடமே சொன்னார். அது நல்ல அறிகுறி அல்ல. செலவாகும் ஆற்றலுக்குத் தக்க சாப்பாடு உள்ளே வராவிட்டால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும். எலும்பு கட்டுவதையும் குறைத்துக்கொள்ளும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கென்று தனியாகப் பெயர் வைத்து எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. எலும்பு கெட்டிப்படுகிற வயதில் இப்படியே விட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிர்க்கீறல் விழும். அதோடு ஓட்டம் முடிந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது ராகிக்களியும் பாலும் இன்னும் ஒரு தட்டுச் சோறும். நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராமுக்கு அருகில் கால்சியம் இருக்கிறது. பாலுக்குப் பேர்போன சித்தூர் வட்டாரத்தில், விடியற்காலையில் கேன் கேனாகச் சொசைட்டிக்குப் பால் போகிற ரோட்டின் ஓரத்தில்தான் நம் மைதானம் இருக்கிறது.

பி.டி. உஷா 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 வினாடியில் ஓடி, ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தது நம் பிள்ளைகளுக்குப் பாடம் மாதிரி மனப்பாடம். அதற்குப் பிறகு அவர் சொன்னதை ஏனோ நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயுமே சாப்பிட்டதாகவும், கடைசி முப்பத்தைந்து மீட்டரில் உடம்பில் தெம்பு இல்லாமல் போனதற்கு அதுவும் காரணம் என்றும் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பய்யோளியிலிருந்து போன அந்தப் பெண்ணுக்கு அன்று குறைந்தது சாப்பாடு. நாற்பது வருஷம் கழித்து, முட்டையும் பாலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது, அதே குறையை நாம் ஏன் பிள்ளைகளுக்கு உண்டாக்கவேண்டும்?

மூலிகைக்கும் நாட்டுச்சாப்பாட்டுக்கும் நான் எதிரியல்ல. பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட் ரத்தக்குழாயை விரித்துக்கொடுக்கும். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் அதன் சாறு குடித்தால் நீண்டதூரக்காரர்களுக்குக் கொஞ்சம் உதவும். மஞ்சள் தசைவலியைச் சற்றுக் குறைக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் பங்குனி சித்திரையில் பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது வெறும் இளநீரைவிட உப்புப் போட்ட கஞ்சித்தண்ணிதான் வியர்வையில் போன உப்பை ஈடுகட்டும். இதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்துவந்தது, ஆராய்ச்சியும் ஒத்துக்கொள்வது. தட்டு நிறைந்திருந்தால் இவை கூடுதல் பலம். தட்டே காலி என்றால் எந்த வேரும் எந்தச் சூரணமும் தசையைக் கட்டாது.

பணம் இல்லை என்கிறீர்கள். பயறு கிலோ 130 ரூபாய், முட்டை 7 ரூபாய், பழம் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்குத் தட்டு 20 ரூபாய். தேங்காய், கேஸ், அக்காமார் கூலி எல்லாம் பகிர்ந்து சேர்த்தாலும் 30 தாண்டாது. அரைக்கிலோ டப்பா முதல் இரண்டு இலவசம், மூன்றாவதிலிருந்து பெற்றோர் ‘சலுகை விலை’ 1,200 ரூபாய் கொடுத்து வாங்கவேண்டும் என்று நோட்டீஸின் கடைசி வரி சொல்கிறது. இருபத்தைந்து வேளைக்கு வரும் டப்பா அது. வேளைக்கு 48 ரூபாய். முகாமுக்கு மிச்சமாகிற செலவு பெற்றோர் தலையில் விழுகிறது, அதுவும் கூடுதலாக. தொழிலுறப்பு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது மூன்று நாள் கூலிக்கு மேல். வாங்காவிட்டால் பிள்ளையைச் செலக்‌ஷனில் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, முருகன் கோயில் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும்.

ஸ்பான்சர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்ஸியும் ஷூவும் கொடுக்கட்டும். சாப்பாட்டுக்குப் பணமாகக் கொடுத்தால் வேப்பமரத்தடியில் அவர்கள் பேனரைக் கட்டிக்கொள்ளட்டும், நானே வந்து கட்டித் தருகிறேன். பிள்ளைகளின் வயிற்றைச் சந்தையாக்க மட்டும் விடமாட்டோம்.

நான் கேட்பவை இவை.

பவுடர் கொடுப்பதை இந்த மடல் கிடைத்த அன்றே நிறுத்துங்கள். ஸ்டோர்ரூமில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைத் திருப்பி அனுப்புங்கள். பெற்றோர் ஏற்கெனவே கொடுத்த 1,200 ரூபாயை அவரவர் கையில் திருப்பிக்கொடுங்கள்.

வரும் திங்கள்கிழமை முதல் பயறு, முட்டை, பழம், உப்புக் கஞ்சித்தண்ணி பழையபடி வேப்பமரத்தடிக்கு வரவேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பாலோ கடலையோ. ஒன்பதாம் வகுப்புக்கு மேலுள்ளவர்களுக்கு மதியத்துக்கு எடுத்துப்போகும்படி ஒரு கடலை உருண்டையும் பழமும் கூடுதலாக வேண்டும். இதற்குப் பஞ்சாயத்துத் திட்டநிதியில் கேட்க விண்ணப்பம் எழுதித் தர நானும் மற்றப் பயிற்சியாளர்களும் தயார். கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியது நீங்கள்.

ஸ்பான்சரோடு போட்ட ஒப்பந்தத்தைப் பெற்றோர் கூட்டத்தில் முழுதாக வாசியுங்கள். டப்பா விற்றால் முகாமுக்கோ தனியாட்களுக்கோ கமிஷன் உண்டா என்பதை அங்கேயே சொல்லுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள யாருக்கும் பவுடர், மாத்திரை, லேகியம், ஊசி எதையும் டாக்டர் சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் இந்த முகாமில் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஊக்கமருந்து விதிகளைப் பற்றித் தமிழில் ஒரு வகுப்பு வையுங்கள்.

வருஷத்துக்கு இரண்டுமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்தில் தேதி வாங்குங்கள். முடிவு பெற்றோரிடம் மட்டும் போகவேண்டும், நோட்டீஸ் போர்டில் வரக்கூடாது. மாதவிடாய் பற்றிப் பேசப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பெண் பயிற்சியாளரையோ ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளரையோ பொறுப்பாக்குங்கள்.

குழுவில் ஒரு தாயையும் ஒரு பெண் பயிற்சியாளரையும் சேருங்கள். இனி ஒட்டும் ஒவ்வொரு நோட்டீஸும் தமிழிலும் இருக்கட்டும்.

சப்ஜில்லா மீட் தொடங்குவதற்குமுன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பதில் வராவிட்டால் பெற்றோர் கையெழுத்தோடு இதே மடலைப் பஞ்சாயத்துத் தலைவருக்கும், டப்பா ஒன்றைச் சேர்த்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் கொடுப்போம். கையெழுத்துத் தாள் இப்போதே வீடுவீடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
நடுத்தூர ஓட்டப் பயிற்சியாளர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை